கருமருதில் ஏறிய கரடி

மலைச்சரிவில் கரும்பாயி என்ற கரடி தன் இரண்டு குட்டிகளோடு வாழ்ந்து வந்தது. அந்தக் காட்டில் நனையாமல் படுக்க ஒரே ஒரு குகைதான் உண்டு. ஐப்பசி மழைக்கு முன்னால் கரடிகள் எல்லாம் ஒரு பெரிய கருமருது மரத்தடியில் கூடும். எந்தக் கரடி மிக உயரத்தில் ஏறி நகத்தால் கீறுகிறதோ, அந்த மழைக்காலம் முழுவதும் குகை அதற்குத்தான்.

போன முறை ஜெயித்தது சடையன் என்ற ஆண் கரடி. கரும்பாயி புதருக்குள் நனைந்து கிடந்தது. தனியாக நனைந்தால் பரவாயில்லை. இந்த முறை குட்டிகள் இருக்கின்றன, மழையில் கிடந்தால் அவை பிழைக்காது.

"உடம்பு தேறிவிட்டால் ஜெயித்துவிடலாம்" என்று கரும்பாயி முடிவு கட்டியது. அப்போது இலுப்பை பூத்துக் கொட்டிக்கொண்டிருந்தது. குட்டிகளை முதுகில் சுமந்தால் இளைத்துவிடுமாம், கீழே இறக்கிவிட்டது. கரையானுக்காகப் புற்றைத் தோண்டினால் இளைத்துவிடுமாம், அந்தப் பக்கமே போகவில்லை. படுத்த இடத்திலேயே பூவை அள்ளி அள்ளித் தின்றது. அதற்கு மேல் தேன் வேறு.

உடம்பு நன்றாக ஊதியது. நடந்தால் வயிறு முன்னே போகும், கரடி பின்னே வரும். அந்த வழியாகப் போன சடையன் இதைப் பார்த்து மிரண்டுபோனது. தானும் பருக்க வேண்டும் என்று பலாமரங்களைத் தேடி ஓடியது.

ஒருநாள் கரும்பாயி கருமருதில் ஏறிப் பார்த்தது. பாதி உயரம்கூடப் போகவில்லை. சர்ரென்று வழுக்கிப் பொத்தென்று விழுந்தது. புது விளையாட்டாக்கும் என்று குட்டிகள் குதித்துச் சிரித்தன. கரும்பாயிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

பக்கத்துப் புற்றுக்குள்ளிருந்து ஓர் அழுங்கு, அதாவது எறும்புதின்னி, தலையை நீட்டியது. அதற்கு உடம்பெல்லாம் செதில், வாயெல்லாம் நக்கல்.

"ஏக்கா, மரம் ஏறுறப்ப இந்தத் தொந்தியையும் நீதானே தூக்கணும்? அது உன்னைத் தூக்குமா?"

"உடம்பு இருந்தாத்தானே பலம்?"

"நீ வளர்த்தது வயித்தை. ஏறப்போறது தோளும் காலும். அதுகளுக்கு என்ன வேலை கொடுத்தே?"

கரும்பாயிக்குச் சுருக்கென்று குத்தியது. ஆனால் பொய் இல்லையே! அழுங்கு வழி சொன்னது. புற்றைத் தோண்டி, வயிறு நிறையக் கரையான் தின்ன வேண்டும். பசி அடங்கியபின் இன்னும் ஒரு வாய், அவ்வளவுதான். பூவும் தேனும் ஆசைக்குக் கொஞ்சம். பிறகு நிம்மதியான தூக்கம்.

வெயிலில் காய்ந்த புற்று பாறையாக இருந்தது. முதலில் தோள் விண்விண்ணென்று வலித்தது. குட்டிகளோ முதுகில் ஏறியே தீருவோம் என்று அடம்பிடித்தன. சரி, ஏறித் தொலையுங்கள் என்று கரும்பாயி அவற்றைச் சுமந்துகொண்டே தோண்டியது. குட்டிகள் வளர வளரச் சுமை கூடியது, கூடவே தோளும் திரண்டது. தொந்தி மெல்லக் கரைந்தது. கரும்பாயி கரையானை உறிஞ்சும் சத்தம் அடுத்த மலைவரை கேட்டது.

"ஐயோ, இளைச்சுப் போயிட்டியே" என்று மற்ற கரடிகள் உச்சுக்கொட்டின. கரும்பாயிக்கே சில நாள் பயமாக இருந்தது. ஆனாலும் தோண்டுவதை விடவில்லை.

போட்டி நாள் வந்தது. வானம் கறுத்திருந்தது. பலாப்பழமாகவே மாறியிருந்த சடையன் முதலில் ஏறியது. கொஞ்ச தூரத்திலேயே மரப்பட்டையும் சடையனும் சேர்ந்து கீழே வந்தன.

மற்ற கரடிகளும் பாதியிலேயே இறங்கிவிட்டன. கடைசியாகக் கரும்பாயி. பாதிக்கு மேல் பட்டை வழுக்கியது. கீழே குட்டிகள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தன. பல்லைக் கடித்துக்கொண்டு ஏறியது. போன வருடத்துக் கீறலையும் தாண்டி, மரம் அதிர ஒரு கீறல் போட்டது. காடே ஆரவாரம் செய்தது!

சடையன் இடுப்பைத் தேய்த்துக்கொண்டே கேட்டது: "தாயி, அப்படி என்னதான் சாப்பிட்டே?"

"சாப்பிட்டதை அப்புறம் சொல்றேன் அண்ணே. முதல்ல, தோண்டினதைக் கேளுங்க."

முதல் தூறல் விழுந்தது. கரும்பாயி குட்டிகளோடு துள்ளிக்கொண்டு குகைக்குள் ஓடியது.

உழைப்பில்லாமல் தின்றது உடம்புக்குச் சுமையாகும், உழைப்போடு அளவாகத் தின்றதே வலுவாகும்.