தலைவர் மாறிய சடுகுடு

ஓர் ஆற்றின் தென்கரையில் ஓர் அரசரும் வடகரையில் வேறோர் அரசரும் ஆண்டுவந்த காலம் அது. ஆற்றின் நடுவே புல் செழித்த ஒரு திட்டு இருந்தது. அது யாருடையது என்பதில் இருவருக்கும் ஓயாத தகராறு.

ஒருநாள், "சமாதானம் பேச வருகிறேன். முதலில் சடுகுடு, பிறகு பேச்சு" என்று வடகரை அரசர் சொல்லியனுப்பினார். விளையாட்டில் தோற்றால் படையெடுத்துவிடும் ஆள் அவர்.

தென்கரை அவையில் தளவாய் நஞ்சுண்டன் எழுந்தார். விகடகவி ஏகாம்பரனிடம் அரசருக்கு இருந்த பிரியம் அவருக்கு நெடுநாள் வயிற்றெரிச்சல். "அரசே, நம் வீரர்களும் தோற்கக் கூடாது, வந்த மன்னரும் தோற்கக் கூடாது. ஏகாம்பரன்தான் பெரிய புத்திசாலியாயிற்றே!" என்றார்.

அரசருக்கு அது பிடித்துவிட்டது. "ஏகாம்பரா, அப்படியே நடத்து. தவறினால் நாட்டைவிட்டுப் போ!"

"உத்தரவு, அரசே. சொன்ன சொல் பிசகாது."

ஆட்டநாளன்று ஏகாம்பரன் வடகரை அரசரை வணங்கினான். "மாமன்னா, வீட்டில் உள்ளதில் நல்லதை விருந்தாளிக்குத் தருவது எங்கள் வழக்கம். எங்கள் வீரர்கள் தங்கள் தலைமையில் ஆடட்டும்."

அவர் பூரித்துப்போனார். "அப்படியானால் என் வீரர்களுக்கு உங்கள் அரசர் தலைவர்!"

மறுக்க வழியில்லை. தென்கரை அரசர் வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு, "சடுகுடு... சடுகுடு..." என்று மூச்சைப் பிடித்தபடி தொப்பை குலுங்கப் பாடிப் போனார். எதிரே நின்றவர்கள் அவருடைய சொந்த வீரர்கள். தொடலாமா என்று கைகட்டி நின்றார்கள். வடகரை அரசரே பாய்ந்து காலைப் பிடித்தார். தென்கரை அரசர் குப்புற விழுந்தார். தலைவரே பிடிபட்டதால் ஆட்டம் முடிந்தது.

நஞ்சுண்டன் உள்ளூர மகிழ்ந்தார்.

வடகரை அரசர் வாய்விட்டுச் சிரித்தபடி கைகொடுத்துத் தூக்கினார். "இத்தனை காலம் கரைக்குக் கரை நின்று கத்தினோம். இன்றுதான் உம்மைத் தொட்டேன். திட்டில் இருவர் மாடும் மேயட்டும். ஆனால் ஆண்டுதோறும் இதே மாதிரி ஆட வேண்டும்!"

விருந்தினர் போனதும் அரசர் மூக்கிலிருந்த மண்ணைத் துடைத்தார். "அடேய், என்னைத் தோற்க வைத்துவிட்டாயே!"

"நம் வீரர்கள் தோற்கவில்லை, வந்த மன்னரும் தோற்கவில்லை. தாங்கள் தோற்கக் கூடாது என்று யாருமே சொல்லவில்லையே, அரசே!"

அரசர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி அவனுக்குப் போட்டுவிட்டு, தளவாய் பக்கம் திரும்பினார்.

"அடுத்த ஆண்டு என் இடத்தில் நீர் ஆடும், நஞ்சுண்டரே. உம்மைப் பிடிக்க நம் வீரர்கள் தயங்கவே மாட்டார்கள்!"