தெரியுது மேடம்

அந்த அரசு மருத்துவக் கல்லூரியில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்கு மாணவர்கள் பதினைந்து பேர் கொண்ட கூட்டமாக வருவார்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் பதினான்கு நாள். அதற்குள் மூன்று உறுப்புகளையும் படித்து முடித்துவிட வேண்டுமாம். கல்யாண வீட்டில் கடைசிப் பந்திக்குக்கூட இதைவிடச் சாவகாசமாகப் பரிமாறுவார்கள்.

ஆபரேஷன் தியேட்டர் தரையில் நீளமாக ஒரு மஞ்சள் டேப் ஒட்டியிருந்தது. மாணவர்கள் அதைத் தாண்டக் கூடாது. ஒன்பது வருடத்துக்கு முன்னால், எலும்பைத் துளைக்கும்போது எழும் வாடை தாங்காமல் ஒரு மாணவன் மயங்கி, மைக்ராஸ்கோப் மேலேயே சாய்ந்துவிட்டான். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. இருந்தாலும் பேராசிரியை பியூலா அன்றைக்கே டேப்பை வாங்கிவரச் சொல்லித் தன் கையாலேயே ஒட்டினார்.

காது சுண்டுவிரல்கூட நுழையாத பொந்து. அதற்குள் நடப்பதை மைக்ராஸ்கோப்பில் இரண்டே பேர்தான் பார்க்க முடியும். ஆபரேஷன் செய்கிற பியூலா மேடம் ஒருவர். பக்கவாட்டுக் குழாயில் கண் வைத்திருக்கும் மேல்படிப்பு மாணவன் நவநீதன் இன்னொருவர். மற்றவர்களுக்காகச் சுவரில் ஒரு டி.வி. உண்டு. அது டேப் ஒட்டுவதற்கு முன்னாலிருந்தே ரிப்பேர்.

ஒரு வழக்கம் மட்டும் ரிப்பேர் ஆகாமல் ஓடிக்கொண்டிருந்தது. மேடம் திரும்பாமலே, "தெரியுதா?" என்று கேட்பார். அந்த மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நிற்கிற பதினைந்து பேரும், "தெரியுது மேடம்" என்பார்கள். அப்புறம் லாக் புக்கில் 'பார்த்தேன்' என்று எழுதி நீட்டினால் கையெழுத்து விழும். கையெழுத்து இல்லாவிட்டால் பரீட்சைக்கு உட்கார முடியாது.

இந்தத் தடவை வந்த கூட்டத்தில் இசக்கியம்மாளும் பன்னிரண்டு நாள் அப்படியே சொன்னாள்.

பதிமூன்றாம் நாள் அவர்களுக்குக் கடைசிக் காது ஆபரேஷன். பீடி சுற்றும் ஒரு பெண் மயக்க மருந்தில் படுத்திருந்தாள். இசக்கியம்மாள் இனி இந்தத் தியேட்டர் வாசலை மிதிக்கப் போவதில்லை. டாக்டர் என்று பெயர் வாங்கி எங்காவது ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் உட்காருவாள். பத்து ஊர்க் காதும் அவளிடம்தான் வரும். அதை நினைத்தபோதே அவளுக்குப் பயம் வந்தது. கோபமும் வந்தது.

"தெரியுதா?" என்றார் மேடம்.

"தெரியுது மேடம்" என்றார்கள் பதினான்கு பேர்.

"தெரியல மேடம்" என்றாள் இசக்கியம்மாள்.

எலும்பைத் துளைத்துக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

"யாரது?"

"இசக்கியம்மாள், மேடம்."

"என்ன தெரியல?"

"ஒண்ணுமே தெரியல. உங்க முதுகு தெரியுது."

நவநீதன் முகக்கவசத்துக்கு மேலே கண்ணை உருட்டினான். "லாக் புக்ல கையெழுத்து வேண்டாமா உனக்கு?"

"பார்க்காததைப் பார்த்தேன்னு எழுதித்தான் கையெழுத்து வாங்கணும்னா, வேண்டாம் சார்."

"அப்ப பரீட்சை?"

"எழுதல."

மேடம் இன்னும் திரும்பவில்லை. "பன்னெண்டு நாளும் தெரியுதுன்னுதானே சொன்னே?"

"பொய் சொன்னேன் மேடம். எல்லாருமேதான் சொல்லுதோம்."

பக்கத்தில் நின்றவன் அவள் முழங்கையை இடித்தான். அவள் உதறிக்கொண்டாள்.

"மேடம், எங்க அக்காவுக்குக் காதுல சீழ் வடிஞ்சுது. எங்க ஊரு சுகாதார நிலையத்து டாக்டர் மூணு வருஷம் சொட்டு மருந்தே குடுத்தாரு. நல்ல மனுஷன். ஞாயித்துக்கிழமைகூட வந்து பாப்பாரு. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனப்ப உள்ள எலும்பெல்லாம் அரிச்சுப் போயிருந்துச்சு. ரெண்டு காதும் போச்சு. பிள்ளை பக்கத்துல கிடந்து அழுதாலும் அவளுக்குக் கேக்காது."

அவள் விடாமல் பேசினாள்.

"அந்த டாக்டர் இங்கதான் படிச்சாரு. உங்க மாணவர்தான். அவரும் பதினாலு நாள் இந்தக் கோட்டுக்குப் பின்னால நின்னு, தெரியுது மேடம்னு சொல்லிட்டுத்தான் போயிருக்காரு."



"நவநீதா, தள்ளி நில்லு" என்றார் மேடம்.

"மேடம்..."

"தள்ளி நில்லு. நீ வாம்மா. எதையும் தொடாதே. கையைப் பின்னால கட்டிக்கிட்டுப் பாரு."

இசக்கியம்மாள் மஞ்சள் டேப்பைத் தாண்டினாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குழாயில் கண் வைத்தாள். முதலில் தன் இமைமுடிதான் தெரிந்தது. அப்புறம் வெளிச்சம். அப்புறம் எலும்பில் ஒரு குழி, அதற்குள் வெள்ளையாக ஏதோ ஒன்று.

"என்ன தெரியுது?"

"வெள்ளையா இருக்கு மேடம். அவிச்ச முட்டைக்குள்ள ஒரு தோல் இருக்குமே, அதைச் சுருட்டி வச்ச மாதிரி."

"அதுதான் எலும்பைத் தின்னுறது."

"எங்க அக்கா காதுல இருந்ததும்..."

"இதுதான்."

அவள் நெடுநேரம் கண்ணை எடுக்கவில்லை. எடுத்தபோது முகக்கவசம் நனைந்திருந்தது.

"போதுமா?" என்றான் நவநீதன்.

"போதாது" என்றாள் இசக்கியம்மாள். "எனக்கு மட்டும் காட்டினா போதாது. பின்னால பதினாலு பேர் நிக்கிறாங்க."

அப்போதுதான் மேடம் திரும்பினார். கோட்டுக்குப் பின்னால் நின்ற ஒவ்வொரு முகத்தையும் பார்த்தார். ஒன்பது வருடத்தில் அவர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"மேடம், மறுபடி யாராவது மயங்கி விழுந்தா?" என்றான் நவநீதன்.

"விழுந்தா எந்திரிப்பாங்க."

அவர் கையுறை போட்ட இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேராக, எதன் மேலும் படாமல் வைத்திருந்தார்.

"இசக்கியம்மா, அந்தக் கோட்டை ஒட்டினது நான்தான். இப்ப என் கை தரையைத் தொடக் கூடாது. உன் கை தொடலாம். கிழிச்சுப் போட்டுட்டு, போய்க் கை கழுவிட்டு வா."