தணலில் சுட்ட வாழைக்காய்

முன்னொரு காலத்தில், அழுவதற்கே தடை போட்ட ராஜா ஒருவர் இருந்தார். ஒரே மகள் பொற்கொடி அம்மை கண்டு இறந்தபோது அவர் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அரண்மனையில் வேறு யாரையும் அழ விடவுமில்லை.

பாவம், விகடகவி அம்பலவாணன்! இளவரசியைத் தோளில் தூக்கி வைத்து விளையாட்டுக் காட்டியவன் அவன். இப்போது துக்கத்தை அடக்கிக்கொண்டு, சபையில் கோமாளித்தனம் செய்துகொண்டிருந்தான்.

பொற்கொடியின் முதல் திதி வந்தது. அவளை வளர்த்த சமையற்காரி சடைச்சி, அம்பலவாணனின் தங்கை. யாருக்கும் தெரியாமல் படையலுக்கு வாழைக்காய் அரிய உட்கார்ந்தவள், கண்ணீர் கண்ணை மறைத்ததில் துண்டுகளை மோரில் போட மறந்துவிட்டாள். எல்லாம் கறுத்துப்போயின.

அம்பலவாணனைக் கண்டாலே மந்திரி கருணாகரருக்கு ஆகாது. விடுவாரா? கறுத்த துண்டுகள் இருந்த தட்டோடு சபைக்கு வந்துவிட்டார்.

“மகாராஜா! விகடகவியின் தங்கை தடையை மீறித் துக்கம் காக்கிறாள். மோரில் போடக்கூட மறந்து அழுதிருக்கிறாள். இந்தக் கறுத்த காயே சாட்சி!”

ராஜாவின் முகம் இறுகியது. “அம்பலவாணா! உன் தங்கை தப்ப ஒரே வழிதான். தண்ணீரும் மோரும் படாமல் வாழைக்காயை என் கண்ணெதிரே அரிந்து வை. மாலைக்குள் கறுத்தால் உன் தங்கை இந்த நாட்டில் இருக்கக் கூடாது.”

மந்திரிக்கு வாயெல்லாம் பல்.

அம்பலவாணன் அடுக்களைக்குப் போனான். முழு வாழைக்காயைத் தோலோடு தணலில் புதைத்துச் சுட்டான். சபைக்குக் கொண்டுவந்து, தோலை உரித்து, அரிந்து வைத்தான். பொழுது சாய்ந்தும் ஒரு துண்டுகூடக் கறுக்கவில்லை.

“சுட்ட காய்! இது மோசடி!” என்று குதித்தார் மந்திரி.

“சுடக் கூடாதென்று மகாராஜா உத்தரவிடவில்லையே, சுவாமி!”

ராஜா சிரித்துவிட்டார். மகள் போன பிறகு அவர் சிரித்தது அன்றுதான். “அது சரி, சுட்டால் மட்டும் ஏன் கறுப்பதில்லை?”

வேடிக்கையாக ஏதாவது சொல்லியிருக்கலாம். அம்பலவாணனுக்கு மனம் வரவில்லை.

“பச்சைக் காய்க்கு உயிர் இருக்கிறது, மகாராஜா. கத்தி பட்டதும் பதறிக் கறுக்கிறது. இதை நான் முதலிலேயே கொன்றுவிட்டேன். இனி எத்தனை துண்டாக வெட்டினாலும் இதற்குத் தெரியாது. நம் அரண்மனையும் இப்போது இப்படித்தான் வெளுப்பாக இருக்கிறது.”

ராஜாவின் சிரிப்பு பாதியில் நின்றது. கறுத்த துண்டுகள் இருந்த தட்டைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டு, தூணோரம் நின்ற சடைச்சியைப் பார்த்தார்.

“சடைச்சி, குழந்தைக்கு இது பிடிக்குமா?”

“வறுத்தால் பிடிக்கும், மகாராஜா. ஆறும்வரை பொறுக்க மாட்டாள். சட்டியிலிருந்தே எடுத்துத் தின்பாள்.”

ராஜா எழுந்து வந்தார். தம் முத்துமாலையைக் கழற்றி அம்பலவாணன் கழுத்தில் போட்டார். போட்ட கையை எடுக்காமல், அவன் தோளில் முகம் புதைத்து அழுதார். பொற்கொடி ஏறி உட்கார்ந்த தோள் அது.