விராலுக்கு விட்ட ரீல்

ஏரி உள்ள ஊரில் மீன் இருப்பது வழக்கம். மந்தங்குளத்து ஏரியில் மீனோடு ஒரு வீட்டுச் சாவியும் இருந்தது. மீனுக்கு உள்ளே இருந்தது.

சாவி கார்மேகத்துடையது. அவன் மனைவி செங்கமலம், தங்கையின் பிரசவத்துக்காகத் தாய்வீட்டுக்குக் கிளம்பியபோது வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனாள்.

"நீங்க பகல் பூரா வயல்ல கிடப்பீங்க. வீட்டைப் பூட்டி, சாவியை யார் கையிலயும் சிக்காத இடமாப் பார்த்து வைங்க. இதையாவது ஒழுங்காச் செய்ங்க. திரும்பி வரும்போது ஏதாவது கோளாறு பார்த்தேன், வந்த பஸ்லயே எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்."

கார்மேகம் மனைவி மேல் உயிரையே வைத்திருந்தவன். பஸ் கண்ணுக்கு மறைவதற்குள் வீட்டைப் பூட்டிவிட்டான். சாவியை நிலைக்கு மேலே வைத்தான். கை எட்டியது. கூரையில் செருகினான். ஏணி போட்டால் எட்டியது. மாட்டின் கழுத்தில் கட்டினான். மாடு பாசத்தோடு வந்து அவன் கையையே நக்கியது. கடைசியில் ஏரிக்கரைக்குப் போய், கை கொண்ட மட்டும் வீசினான். பளபளவென்று பறந்த சாவி தண்ணீரைத் தொடும் முன்பே, தொடை பருமனுக்கு ஒரு விரால் எம்பி விழுங்கிவிட்டு உள்ளே போனது.

யார் கையிலும் சிக்காத இடம் என்றால் இதுதான். கார்மேகம் அன்று முதல் மாட்டுக்கொட்டகையில் நிம்மதியாகத் தூங்கினான்.

ஒருநாள் காலையில் பஸ் கண்டக்டர் சேதி சொன்னார். நாளைக்குச் சாயங்காலம் செங்கமலம் வருகிறாளாம். கார்மேகத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஓடிப்போய் நண்பர்கள் இருவரிடமும் சொன்னான்.

ஒருவன் சீரங்கன், மந்தங்குளத்தின் அறிவாளி. ஒரு தடவை டவுனுக்குப் போய் வழி தவறாமல் திரும்பி வந்ததால் அந்தப் பெயர். இன்னொருவன் பாவாடை. பாவாடைக்கு உண்மை பேச வராது. ஆனால் அவன் ரீல் விட ஆரம்பித்தால், பாத்திரம் துலக்குகிற பெண்கள்கூடத் துலக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள்.

"வர்றது சரி," என்றான் சீரங்கன். "வீட்டுக்குள்ள எப்படிப் போவாங்க?"

கார்மேகத்துக்கு அப்போதுதான் சாவியின் ஞாபகம் வந்தது. மூவரும் கொட்டகையில் உட்கார்ந்து ஆலோசித்தார்கள்.

"பூட்டை உடைச்சிடலாமே," என்றான் பாவாடை.

"உடைச்சிட்டா, பின்னால சாவி கிடைக்கும்போது எதைத் திறக்கிறது?" என்றான் சீரங்கன்.

"அப்ப ஏரியை இறைச்சிடுவோம்."

"இறைச்ச தண்ணியை எங்கே ஊத்துவே?"

பாவாடை வெகுநேரம் யோசித்தான். "ஏரியிலதான். வேற எங்க அவ்வளவு இடம் இருக்கு?"

மண்புழு கட்டித் தூண்டில் போடலாம் என்றான் கார்மேகம். இரும்பே தின்று பழகின வாய்க்கு மண்புழு இறங்குமா என்று சீரங்கன் கேட்டான். டவுன் கடையில் கேட்டால் தெரியும் என்று முடிவாயிற்று. ஆகவே மூவரும் டவுனுக்குப் புறப்பட்டார்கள்.

அணைக்கட்டு ரோட்டில் சேவியர் என்பவர் தூண்டில் கடை வைத்திருந்தார். பொறுமைசாலி. என்ன மீன் என்று கேட்டார். விரால் என்றதும் கண்ணாடிப் பெட்டியிலிருந்து வர்ணம் பூசிய மரமீன் ஒன்றை எடுத்து வைத்தார்.

"இது பொய்மீன். உதட்டுல தகடு இருக்கு பாருங்க. இழுக்க இழுக்க முங்கி, ஆடி ஆடி வரும். சும்மா வந்தாப் போதாது. கல்லு, கட்டைன்னு முட்டி முட்டி வரணும். முட்டினாத்தான் விரால் பாஞ்சு கடிக்கும். இதுக்குத் தகுந்த மாதிரி கோல், நரம்பு, ரீல் மூணும் அமையணும்."

நரம்பு என்றதும் பாவாடை இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான். தூண்டில் நூலைத்தான் அப்படிச் சொல்வது என்று சேவியர் விளக்கிய பிறகும் ஒரு கையைத்தான் வெளியே எடுத்தான்.

முதலில் கோல். விறைத்த கோலாக இருந்தால், மீன் கடித்த வேகத்தில் வெடுக்கென்று இழுத்து, அதன் வாயிலிருந்து தூண்டில் முள்ளைப் பிடுங்கிவிடுமாம். வளைந்து கொடுக்கிற கோல்தான் வேண்டுமாம். சொல்லிவிட்டு சேவியர் வேறொருவரைக் கவனிக்கப் போனார். சீரங்கன், சுவரில் சாய்த்திருந்த கோல்களின் முன்னால் போய் நின்று, சம்பந்தி வீட்டாரிடம் பேசுகிற பணிவோடு பேசினான்.

"நாங்களும் கொஞ்சம் இறங்கி வர்றோம். நீங்களும் பிடிவாதம் பிடிக்காம வளைஞ்சு கொடுக்கணும். என்ன சொல்றீங்க?"

எந்தக் கோலும் வாய் திறக்கவில்லை. மூலையில் இருந்த கறுப்புக் கோல் மட்டும், மின்விசிறிக் காற்றில் மெல்லத் தலையாட்டியது.

"இதுதான் நல்ல இடத்துப் பிள்ளை," என்று சீரங்கன் அதை எடுத்துக்கொண்டான்.

அடுத்தது நரம்பு. மீன் கண்ணுக்குத் தெரியாத நரம்பாகப் பார்த்து எடுக்கச் சொல்லியிருந்தார். கார்மேகம் ஒவ்வொரு சுருளாக எடுத்துப் பார்த்தான். பச்சை தெரிந்தது. நீலம் தெரிந்தது. கண்ணாடி நிறத்தில் ஒன்று இருந்தது. உற்றுப் பார்த்தால் அதுவும் தெரிந்தது. அவன் கண்ணுக்கே தெரிகிறதென்றால், தண்ணீரிலேயே குடியிருக்கிற மீனுக்குத் தெரியாதா? மனம் உடைந்துபோய் மேசைக்கு அடியில் பார்த்தபோது, வெறும் சுருள்கட்டை ஒன்று கிடந்தது. அதில் எவ்வளவு உற்றுப் பார்த்தும் ஒன்றுமே தெரியவில்லை.

"ஐயா, இது என்ன விலை?" என்று அதை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு கேட்டான்.

சேவியர் திரும்பிப் பார்த்தார். "அதுவா? சும்மா எடுத்துட்டுப் போங்க."

கார்மேகத்துக்கு அழுகையே வந்துவிட்டது. உலகத்தில் இன்னும் நல்லவர்கள் இருக்கிறார்கள்.

"ரீல்தான் முக்கியம்," என்று சேவியர் திரும்பி வந்து சொன்னார். "படபடன்னு போற ரீல் இந்த வேலைக்கு ஆகாது. நிதானமா, நடுவுல நிறுத்தி நிறுத்திப் போகணும். அப்பத்தான் மீன் நம்பும்."

சீரங்கனும் கார்மேகமும் ஒரே நேரத்தில் பாவாடையைப் பார்த்தார்கள். பாவாடை வெட்கத்தோடு தரையைப் பார்த்தான்.

"ரீல் எங்ககிட்டயே இருக்குங்க," என்றான் சீரங்கன்.

"அப்படியா? புதுசா, பழசா?"

"அவங்க அப்பா காலத்துல இருந்தே உண்டு."

"பழசுன்னா கரகரன்னு சத்தம் போடுமே?"

"சத்தம் இல்லாம எப்படிங்க விடறது?"

"எண்ணெய் போடுறீங்களா?"

"தினமும் தலைக்கு வைக்கிறான்."

சேவியர் கோலுக்கும் பொய்மீனுக்கும் மட்டும் பில் போட்டார்.

மறுநாள் மத்தியானம் மூவரும் ஏரிக்கரையில் நின்றார்கள். சாயங்கால பஸ்ஸுக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. கார்மேகம் தெரியாத நரம்பைத் தெரியாமலே பிரித்து, ஒரு நுனியைக் கோலிலும் மறு நுனியைப் பொய்மீனிலும் கட்டினான். முடிச்சு இறுகிவிட்டதா என்று சீரங்கன் கேட்டான். இறுகினது தெரியவில்லை, தெரியாமல் இருப்பதுதானே அதன் சிறப்பு என்று கார்மேகம் சொன்னான். பிறகு பொய்மீனை ஓங்கி எறிந்தான். அது தூரத்தில் விழுந்து மிதந்தது. சீரங்கன் கோலைப் பிடித்து இழுத்தான். பொய்மீன் வரவில்லை.

"நரம்பு ரொம்ப நீளம்," என்றான் சீரங்கன். "இழுக்க நாளாகும். பாவாடை, நீ ஆரம்பி."

பாவாடை தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தண்ணீரைப் பார்த்துக் கும்பிட்டான்.

"விராலாரே, எங்கப்பா ஒரு கெண்டை வளர்த்தார். அது தினமும் தானே பஸ் ஏறி, சந்தைக்குப் போய், தன்னைத்தானே வித்துட்டு, காசை வாங்கிக்கிட்டு வீட்டுக்கு வந்துடும்."

நிறுத்தினான். நிறுத்தி நிறுத்தித்தான் விட வேண்டும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். சீரங்கன் மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

"ஒருநாள் நல்ல முகூர்த்தம். பஸ்ஸுல கூட்டமான கூட்டம். கெண்டைக்கு உட்கார சீட்டு கிடைக்கல."

மறுபடி நிறுத்தினான். கார்மேகத்துக்குக் கண் கலங்கியது. விரால் வரவில்லை. தூரத்து ரோட்டில் பஸ் ஹாரன் கேட்டது.

"முட்டல," என்று திடீரென்று சொன்னான் சீரங்கன். "முட்டி முட்டி வரணும்னாரே. நம்ம மீன் சும்மா மிதக்குது. யாராவது போய் முட்டிக் காட்டணும்."

வரப்போவது கார்மேகத்தின் மனைவி. ஆகவே அவனே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினான். இடுப்பளவு தண்ணீரில் போய்ப் பொய்மீனைக் கையில் பிடித்துக்கொண்டான். ஆடி ஆடி நடந்தான். ஒரு கல்லில் முட்டினான். ஒரு கட்டையில் முட்டினான். மூன்றாவது கல்லில் நெற்றி இடித்தபோது, அந்தக் கல்லுக்குப் பின்னால் குஞ்சுகளைக் காவல் காத்துக்கொண்டிருந்த விரால் சீறிப் பாய்ந்து பொய்மீனைக் கவ்வியது. பொய்மீனின் இன்னொரு முள் கார்மேகத்தின் வேட்டியில் மாட்டியது. விரால் ஆழத்தைப் பார்த்து இழுக்க, வேட்டியோடு கார்மேகமும் போனான்.

சீரங்கன் பதறிப்போய்க் கோலை நீட்டினான். கார்மேகம் நுனியைப் பிடித்தான். கோல் அரை வட்டமாக வளைந்தது. வளைந்து, வளைந்து, வளைந்து கொடுத்தது. ஒடியவே இல்லை. சீரங்கனும் பாவாடையும் சேர்ந்து இழுத்ததில் கார்மேகம் கரைக்கு வந்தான். வேட்டி வந்தது. வேட்டியோடு விராலும் வந்தது.

"ஒரு ஆளையே இழுத்திருக்கு," என்றான் பாவாடை பிரமிப்போடு. "என்ன நரம்புடா இது."

கரையில் விழுந்த விரால் ஒரு துள்ளுத் துள்ளி, வாயைப் பிளந்து, சாவியைக் கக்கியது.

மூவரும் அதைச் சுற்றி உட்கார்ந்தார்கள். குழம்பு வைக்கலாமா என்ற பேச்சு வந்தது. ஒப்படைத்த பொருளைத் துரு ஏறாமல் காத்துத் திருப்பிக் கொடுத்த ஒருவரைக் குழம்பு வைப்பது முறையல்ல என்று சீரங்கன் தீர்ப்புச் சொன்னான். முள்ளை மெதுவாகக் கழற்றி, கும்பிடு போட்டுத் தண்ணீரில் விட்டார்கள்.

செங்கமலம் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்தபோது, கார்மேகம் சொட்டச் சொட்ட நனைந்து, கையில் சாவியோடு வாசலில் நின்றான். அவள் கதவைத் திறந்து உள்ளே போனாள். போட்டது போட்டபடி இருந்தது. ஒரு கரண்டிகூட இடம் மாறவில்லை. கல்யாணமான நாளிலிருந்து முதல் முறையாக அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

"பரவாயில்லையே. சாவியை யார் கையிலயும் சிக்காமத்தான் வச்சிருந்தீங்க போல."

கார்மேகத்துக்குக் கால் தரையில் பாவவில்லை.

மறுநாள் காலை அவள் சந்தைக்குப் புறப்பட்டாள். "பூட்டிட்டு வயலுக்குப் போங்க. சாவியைப் பழைய இடத்துலயே வைங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வெயில் ஏறி அவள் திரும்பி வந்தபோது, கதவு பூட்டியிருந்தது. ஆளைக் காணோம். தேடிக்கொண்டு ஏரிக்கரைக்கு வந்தாள். அங்கே சீரங்கன் கோலைப் பிடித்து நின்றான். கார்மேகம் நெற்றியில் துண்டைக் கட்டிக்கொண்டு, கல்லில் முட்டத் தயாராக, இடுப்பளவு தண்ணீரில் நின்றான்.

விஷயத்தைக் கேட்டதும் செங்கமலம் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு, இப்போதே அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்று திரும்பினாள். நாலு அடி போய் நின்றாள். துணிப்பை வீட்டுக்குள் இருந்தது.

"விராலாரே," என்று பாவாடை தண்ணீரைப் பார்த்து நிதானமாக ஆரம்பித்தான். "முந்தாநாள் கெண்டைக்கு பஸ்ஸுல சீட்டு கிடைக்கலைன்னு சொன்னேனில்லையா?"

"முந்தாநாள் இல்லை, நேத்து," என்றான் சீரங்கன்.

பாவாடை நிறுத்தினான். ஏரியும் அலையடிப்பதை நிறுத்தினாற்போல் இருந்தது. செங்கமலம் கரையில் காய்கறிப் பையை இறக்கி வைத்துவிட்டு, அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சரி," என்றாள். "அப்புறம் அது நின்னுக்கிட்டே போச்சா?"