முப்பத்தொரு ஆங்கிலக் கூச்சல்

வெள்ளைக்காரத் துரைமார் குதிரையேறி நாடு சுற்றிப் பார்க்க வந்த காலம். அப்போது ஏழாற்றூர் என்ற சிறிய நாட்டை வெற்றிவேலர் என்ற ராஜா ஆண்டு வந்தார். நல்லவர்தான். ஆனால் காலையில் பிடித்தது மாலையில் பிடிக்காது. மாலையில் பிடித்ததை ஊரே பிடித்துக்கொள்ள வேண்டும்.

ஒருநாள் விருந்துக்கு வந்த துரை ஒருவர், அரண்மனை யானையைப் பார்த்து "குட் ஹெவன்ஸ்!" என்று வாய் பிளந்தார். ராஜாவுக்கு அந்தச் சத்தம் தேனாய் இனித்தது.

"என்ன சொன்னார்?" என்று துபாஷி கோவர்த்தனத்தைக் கேட்டார். துரைமாரோடு பேச மொழிபெயர்த்துச் சொல்பவர் அவர். மந்திரி அம்பலவாணரின் முத்திரை மோதிரத்தின்மேல் அவருக்கு நெடுநாளாக ஒரு கண்.

"வியந்தார், மகாராஜா. நாம் எதற்கெடுத்தாலும் ஐயோ, அம்மா என்கிறோம். அவர்களிடம் வியந்தால் ஒரு சொல், பயந்தால் ஒரு சொல், பொத்தென்று விழுந்தால் தனிச்சொல்!"

"அப்படியா! எழுதிக் கொடும்!"

எழுதிவிட்டார். வியப்புக்குப் பன்னிரண்டு, திகிலுக்கு ஒன்பது, விழுந்தால், இடித்தால், உடைந்தால் பத்து. ஆக முப்பத்தொன்று. அரண்மனையில் வேலை செய்கிற ஒவ்வொருவர் இடுப்பிலும் அந்த ஓலை தொங்கியது. இனித் தமிழில் கத்துகிறவருக்கு வேலை போகும் என்று தண்டோரா போட்டார்கள்.

நான்காம் நாள் மடைப்பள்ளியில் ரசப் பானை சரிந்து சமையற்காரி பேச்சியின் காலில் கொட்டியது. "ஐயோ அம்மா!" என்று அலறினாள். வாசலில் நின்ற துபாஷி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"அலாஸ் என்று சொல்லியிருக்க வேண்டும். ஓலையில் பதினாறாவது."

பேச்சியின் வேலை போயிற்று. படுக்கையில் கிடந்த அவள் புருஷனுக்கும் சேர்த்துக் கஞ்சி அந்த வேலையில்தான் வந்துகொண்டிருந்தது. வெந்த காலை இழுத்துக்கொண்டு மந்திரி வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"கால் வெந்தபோது ஓலையைப் பிரிக்க முடியுமா, சாமி?"

அம்பலவாணர் அவளுக்குக் களிம்பு கொடுத்து அனுப்பினார். பிறகு தனியாக அரண்மனை வாசலிலிருந்து தெப்பக்குளம் வரை நடந்து, வழியில் உள்ள மேடு பள்ளங்களை எண்ணினார். இருபத்துமூன்று. கடைசியில் வாய்க்கால். எண்ணி முடித்ததும் அவர் முகம் தெளிந்துவிட்டது.

மறுநாள் சபையில் எழுந்தார்.

"மகாராஜா, பேச்சியை நீக்கியது ஆணைப்படி சரி. ஆனால் பல்லக்குத் தூக்குகிறவர்கள் இன்னும் தமிழில்தான் கத்துகிறார்கள்."

உண்மைதான். முன்னால் நால்வர், பின்னால் நால்வர். பின்னால் இருப்பவர்களுக்குப் பல்லக்கு மறைப்பதால் பாதை தெரியாது. முன்னால் போகிறவர் "மேடு! பள்ளம்! முள்ளு!" என்று குரல் கொடுப்பார், அந்தக் குரலை நம்பித்தான் பின்னால் கால் வைப்பார்கள்.

"அவர்களும் மாறவேண்டும்!" என்று துள்ளினார் துபாஷி.

"நானும் அதைத்தான் சொல்கிறேன். முதல் சவாரி சொல் கொடுத்த துபாஷிக்கே. மகாராஜா குதிரையில் கூடவே வரட்டும். பல்லக்கு நல்லபடியாகத் தெப்பக்குளம் சேர்ந்தால் என் முத்திரை மோதிரம் அவருக்கு. சேராவிட்டால் பேச்சிக்கு அவள் வேலை."

"பந்தயமா! பேஷ்!" என்றார் ராஜா.

துபாஷி பட்டு உடுத்தி, திண்டில் சாய்ந்து, மீசையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். பல்லக்கு கிளம்பியது.

முன்னால் சுடலை ஒரு கல்லைப் பார்த்தான். "குட் ஹெவன்ஸ்!" என்றான்.

"யாருடா வர்றது?" என்றான் பின்னால் காத்தமுத்து. சொல்லி முடிக்குமுன் கல்லில் இடறினான். துபாஷியின் தலை பலகையில் இடித்தது.

"பேங்!" என்றார் துபாஷி பெருமையாக. "இருபத்திரண்டாவது சொல், மகாராஜா!" ராஜா கைதட்டினார்.

கூடவே வந்த மந்திரி ஒரு விரலை மடக்கினார். இன்னும் இருபத்திரண்டு மேடு பள்ளம் பாக்கி என்பது அவருக்குத் தெரியும்.

"அலாஸ்!" என்றான் சுடலை.

"மேடா பள்ளமா? சொல்லித் தொலை!"

"அது ஓலையில இல்ல அண்ணே!"

பல்லக்கு சாய்ந்தது, நிமிர்ந்தது, மறுபடி சாய்ந்தது. மீசையை முறுக்கிய கை இப்போது சட்டத்தை இறுகப் பிடித்திருந்தது. வாய்க்கால் கரை வந்துவிட்டது. சுடலை ஒரு கையால் தண்டைத் தாங்கி, மறுகையால் ஓலையைப் பிரித்து, "இதுக்கு வியப்பா, திகிலா?" என்று விரல் வைத்துத் தேடிக்கொண்டே நடந்தான். துபாஷி திரையை விலக்கினார். கீழே சேறும் தண்ணீரும்.

"ஐயோ! பள்ளம்டா! பள்ளம்! நில்லுங்கடா, ஐயோ அம்மா!"

எட்டுப் பேரும் அந்த நொடியே நின்றார்கள். பல்லக்கு கரையிலேயே நின்றது. துபாஷி மட்டும் உருண்டுபோய்ச் சேற்றில் உட்கார்ந்தார்.

ராஜா குதிரையை நிறுத்தினார். "அது எத்தனையாவது சொல், துபாஷி?"

"மகாராஜா... அந்த அவசரத்தில்..."

"பேச்சிக்கும் அவசரந்தான்," என்றார் மந்திரி. "மகாராஜா, குட் ஹெவன்ஸ் கேட்டதும் ஒருவர்கூட நிற்கவில்லை. பள்ளம் என்றதும் எட்டுப் பேரின் காலும் நின்றது. பட்டவன் கத்துவது கேட்டவன் ஓடி வருவதற்கு. யானையைப் பார்த்து வியக்க எந்த மொழியும் போதும்."

ராஜா சேற்றையும் சேற்றில் இருந்தவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டார். ஓலைகளை அடுப்புக்கு அனுப்பச் சொன்னார்.

"பேச்சியை அழைத்து வாருங்கள். கால் வெந்தவள் நடக்க வேண்டாம், பல்லக்கிலேயே வரட்டும். முன்னால் நடந்து வழி சொல்லத் துபாஷி இருக்கிறார்."

அன்று மத்தியானம் ஏழாற்றூர்த் தெருவில் பல்லக்கு வந்தது. உள்ளே பேச்சி கூச்சத்தோடு உட்கார்ந்திருந்தாள். முன்னால் காய்ந்த சேற்றோடு துபாஷி நடந்தார்.

"மேடு... பள்ளம்... கல்லு..."

"இன்னும் சத்தமாச் சொல்லுங்க சாமி," என்றான் காத்தமுத்து. "பின்னால கேக்கல!"