துண்டு போட்ட பெஞ்சு

ஒரு ஊர்ல ஒரு பஸ் ஸ்டாண்டு இருந்துச்சாம். அங்க ஒரே ஒரு பெஞ்சு. நீளமான சிமெண்டு பெஞ்சு, பத்துப் பேரு தாராளமா உக்காரலாம். ஆனா அதுல ஒரு ஆளு உக்காந்து யாரும் பாத்ததே இல்ல. ஏன்னு கேளு. ம் சொன்னாதான் சொல்லுவேன். ஆங், அப்படி வா வழிக்கு.

பஸ்ஸு வந்தா ஜன்னல் வழியா துண்டைப் போட்டு இடம் புடிப்பாங்கல்ல? அந்த ஊர்க்காரங்க பெஞ்சுக்கும் துண்டு போடுவாங்க. வந்ததும் பொத்துனு துண்டைப் போட்டுட்டு, எதிர்ல டீக்கடை நிழல்ல போய் நின்னுப்பாங்க. உக்காந்தா பக்கத்து ஆளு கூட பேசணுமே! வாயைத் தொறந்தா முத்து உதிர்ந்துடும்னு பயமோ என்னமோ. பெஞ்சு பூரா துண்டு, நிழல் பூரா ஆளு. கூத்தைப் பாரு.

அந்த ஊருக்குப் புதுசா வந்தவ பூங்காவனம். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்துல விளையாட்டு டீச்சர். தெனம் காலைல அங்கதான் பஸ் ஏறுவா. துண்டு போடத் தெரியாது, அதனால தெனமும் நின்னுக்கிட்டேதான் போவா. பள்ளிக்கூடத்துல எல்லாரும் "டீச்சர், டீச்சர்". வீட்டுக்கு வந்தா தனி ஆளு. ஆறு மாசமா அவ பேரை ஒருத்தர் கூப்பிடலை. ஒரு நாள் அவளே கண்ணாடி முன்னாடி நின்னு, "ஏய் பூங்காவனம்"னு கூப்பிட்டுப் பாத்தாளாம். அழுகையா வந்துடுச்சு, பாவம்.

அப்போ ஒரு நாள் ஊரு சேர்மன் வந்தாரு, தொப்பை முன்னாடி, அவரு பின்னாடி. "யாரும் உக்காராத பெஞ்சு எதுக்கு? வர்ற வியாழக்கிழமை இதை இடிச்சுட்டு என் பேரு போட்டு வளைவு கட்டப் போறேன்"னாரு.

பூங்காவனத்துக்கு பகீர்னுச்சு. இருக்கிற ஒரு பெஞ்சும் போனா இந்த ஜனங்க ஜென்மத்துக்கும் ஒண்ணா உக்கார மாட்டாங்களேன்னு, "ஐயா, மூணு நாள் குடுங்க. நான் ஒரு விளையாட்டு வெக்கிறேன். எல்லாரும் உக்காந்து பேசுவாங்க"ன்னா.

"இவங்களா? பேசுவாங்களா?" ஹஹ்ஹஹ்ஹான்னு சிரிச்சாரு. தொப்பை குலுங்குச்சு. "சரி, மூணு நாள்."

மொத நாள் விடியக்காலைல போய், சாக்பீஸால பெஞ்சு மேல ஆடு புலி ஆட்டக் கட்டம் போட்டா. காய்க்கு புளியங்கொட்டை, கூழாங்கல்லு எல்லாம் வெச்சா. அப்புறம் அந்த ஊர்க்காரரு தணிகாசலம் வந்தாரு. மீசை பெரிய மீசை, தோள்ல செவப்புக் கட்டம் போட்ட துண்டு. கட்டத்தை உத்து உத்துப் பாத்தாரு. பூங்காவனம் ஓரமா நின்னு பாத்துட்டு இருந்தா. அவரு குனிஞ்சு, ஃபூன்னு ஊதி கொட்டையைத் தள்ளிட்டு, பொத்து! துண்டைப் போட்டுட்டாரு. ஆடும் போச்சு, புலியும் போச்சு.

ரெண்டாம் நாள் தரையில பாண்டிக் கட்டம் போட்டா. நொண்டி அடிச்சா சிரிப்பு வரும், சிரிப்பு வந்தா பேச்சு வரும்னு கணக்கு. ஜனங்க வந்தாங்க, பாத்தாங்க. ஏதோ புதுச் சட்டம் வந்திருக்குன்னு நெனச்சு, கட்டத்துக்கு ஒருத்தரா விறைப்பா நின்னுட்டாங்க! கடைசியா வந்தவருக்கு அரைக் கட்டம்தான் இருந்துச்சு. அவரு பாவம் பஸ் வர்ற வரைக்கும் ஒத்தக் கால்ல நின்னாரு. ப்ளவுஸ் தைக்கிற அஞ்சலை இருக்காளே, அவ ஒரு கட்டத்துல நின்னுக்கிட்டு இன்னொரு கட்டத்துல மஞ்சப்பையை வெச்சு இடம் புடிச்சுட்டா. என்னடி சிரிக்கிற? தூங்கணும்.

அன்னிக்கு பூங்காவனம் சோறே சாப்பிடலை. படுத்துக்கிட்டே யோசிச்சா. 'நான் போட்ட கட்டத்தை இவங்க தொடலை. இவங்க தெனமும் எதைத் தொடுறாங்க?' டக்குனு எழுந்து உக்காந்தா.

மூணாம் நாள். எல்லாரும் துண்டைப் போட்டுட்டு நிழல்ல நின்னு, பஸ் வர்ற திசையையே பாத்துட்டு இருந்தாங்க. இவ பூனை மாதிரி போனா. இந்தத் துண்டு முனையும் அந்தத் துண்டு முனையும் ஒரு முடிச்சு. அப்புறம் அது கூட அடுத்தது. அஞ்சலையோட மஞ்சப்பை காதையும் விடலை. பத்தும் ஒரே கயிறு!

பாம் பாம்! பஸ்ஸு. எல்லாரும் ஓடி வந்து ஆளாளுக்கு அவங்கவங்க துண்டை இழுத்தாங்க. வரலை. தணிகாசலம் இந்தப் பக்கம் இழுக்க அஞ்சலை அந்தப் பக்கம் சாய்ஞ்சா. அவ இழுக்க அவரு சாய்ஞ்சாரு. இழு இழு, இழு இழு! இழுக்க இழுக்க முடிச்சு இறுகுது. சிரிச்சுக்கிட்டே அவுத்துடுவாங்கன்னுதான் பூங்காவனம் நெனச்சா, நடக்கலை. டிரைவரு பாத்தாரு பாத்தாரு, புர்ர்ர்னு கிளம்பிப் போயிட்டாரு.

ஐயோன்னு ஆயிடுச்சு. "யாரு பண்ண வேலை இது?"ன்னு அஞ்சலை கத்துனா.

"நான்தான்"னு கையைத் தூக்கினா.

"உன் பேரு என்னம்மா?"ன்னு மீசை துடிக்கக் கேட்டாரு தணிகாசலம்.

"பூங்காவனம்."

"பூங்காவனம்! உனக்கு அறிவிருக்கா பூங்காவனம்?"

அடி அம்மா, அவளுக்கு எவ்ளோ சந்தோஷம் தெரியுமா! திட்டுறதுக்காவது பேரு கேட்டாங்களே! கண்ணுல தண்ணியோட நின்னு சிரிச்சா. இவ சிரிக்கிறதைப் பாத்து அஞ்சலைக்கும் களுக்குனு சிரிப்பு வந்துடுச்சு.

அடுத்த பஸ்ஸு அரை மணி கழிச்சு. முடிச்சை அவுக்கணும்னா உக்காரணும். துண்டு குட்டை, அதனால இடிச்சுக்கிட்டு உக்காரணும். உக்காந்தாங்க, பத்துப் பேரும்! "நீ அந்தப் பக்கம் தளத்து." "உங்க நகம் பெரிசு, நீங்க நெம்புங்க." "இந்தத் துண்டு தொவைச்சு எத்தனை மாசம் ஆச்சு?" ஒரே கசமுசா. அப்போ கடப்பாரை ஆளுங்களோட சேர்மன் வந்தாரு. பாத்தாரு, வாய் பொளந்துடுச்சு. உக்கார இடம் இருக்கான்னு அவரும் தேடுனாரு. இல்ல! கடப்பாரை ஆளுங்களையும் கூட்டிக்கிட்டு திரும்பிப் போயிட்டாரு.

அப்புறம் தெனமும் அவங்களே முடிச்சுப் போட்டு, யாரு மொதல்ல அவுக்கிறதுன்னு பந்தயம். பஸ் வர்றதுக்கு முன்னாடி அவுத்துடணும், அதான் ஆட்டம்.

ம் சொல்லு. இன்னும் கொஞ்சம்தான்.

ஒரு நாள் பூங்காவனத்துக்கு லேட்டாயிடுச்சு. ஓடோடி வர்றா, பஸ்ஸு உறுமிக்கிட்டு நிக்குது, உள்ள நசுக்கு நசுக்குனு கூட்டம். சரி, இன்னிக்கும் நின்னுக்கிட்டே போக வேண்டியதுதான்னு நெனச்சா. அப்போ ஜன்னல் வழியா ஒரு மீசை வெளிய வந்துச்சு.

"பூங்காவனம்! ஓடியா! உனக்கு இடம் போட்டிருக்கேன்!"

எட்டிப் பாத்தா, சீட்டுல செவப்புக் கட்டம் போட்ட துண்டு.

அவ்ளோதான். கதை பஸ் ஏறிப் போயிடுச்சு. தலகாணில உனக்கும் இடம் போட்டாச்சு, கண்ணை மூடு.