கடுகுக் குமிழ்

பச்சைக் குழந்தைக்கு இருதய ஆபரேஷன் நடக்கும்போது, ரத்தம் குழாய் வழியாக ஓர் இயந்திரத்துக்குப் போய்த் திரும்பும். அந்தக் குழாயில் காற்றுக்குமிழ் வரக்கூடாது; வந்தால் பிடிக்க நடுவில் ஒரு வடிகட்டி உண்டு. குமிழ் எங்கே போகும் என்று கணினியில் ஓட்டிப் பார்ப்பதுதான் பேராசிரியை ரெஜினாவின் ஆய்வுக்கூடத்தில் வேலை. முகுந்தன் அவருடைய மாணவன்.

ஒரு நாள் காலையில் அவன் ஓடி வந்தான். சட்டைத் தோளில் அவன் கைக்குழந்தை பால் கக்கிய கறை.

"மேடம், குமிழ் குழந்தைகிட்ட போகவே இல்லை. வளைவிலேயே மறைஞ்சிடுது. வடிகட்டி வேண்டாம்னு இயந்திரக் கம்பெனிக்குச் சொல்லிடலாமா? அதை எடுத்துட்டா குழாயை நிரப்ப ரத்தமும் கொஞ்சம் போதுமாம். சீக்கிரம் சொல்லுங்கன்னு பறக்குறாங்க."

"மறைஞ்சு எங்கே போச்சு?"

"அதான் மேடம், மறைஞ்சு போச்சு."

"காற்று கரையிற மாதிரி எழுதியிருக்கியா?"

"இல்லை."

"அப்புறம்?"

அவன் திரையைத் திருப்பிக் காட்டினான்.

கணினி குமிழை வரைந்து வைத்திருக்கவில்லை. குழாய் முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள். கட்டத்துக்கு ஓர் எண்: குமிழின் தோல் இங்கிருந்து எவ்வளவு தூரம் என்று. குமிழுக்குள்ளே கழித்தல், வெளியே கூட்டல். பூஜ்யம் விழுகிற இடம்தான் தோல்.

ரெஜினா குழாயை எடுத்துவிட்டு, வெறும் சுழலில் ஒரு குமிழை வைத்தார்.

"சுழல விடு. பாதியில ஓட்டத்தைத் திருப்பு. போன வழியே வரட்டும்."

குமிழ் நீண்டது, வாலாக மெலிந்தது. ஓட்டம் திரும்பியது. புறப்பட்ட இடத்துக்கு வந்து சேர்ந்தது பாதிக் குமிழ்.

"மீதி?"

முகுந்தன் நகத்தைக் கடித்தான். "ஓட ஓட எண்கள் கோணலாகும் மேடம், தூரத்தைச் சரியா காட்டாது. அதனால ஒவ்வொரு அடியிலும் நேராக்கினேன். படம் சுத்தமா இருக்கட்டும்னு."

"நேராக்கும்போது தோல் நகருமா?"

"துளியூண்டு."

"எந்தப் பக்கம்?"

அவன் குரல் இறங்கியது. "உள்பக்கம்."

மத்தியானம் சாப்பிடாமல் மறுபடி வந்தான்.

"சரி பண்ணிட்டேன் மேடம்! குறையுற காற்றை அப்பப்போ அளந்து, தோலை அவ்வளவு வெளியே தள்ளிடறேன். மொத்தக் காற்றும் அப்படியே இருக்கு. தசமம் தசமமா ஒத்துப்போகுது!"

"பெரிய கெட்டிக்காரன்தான். இப்போ ரெண்டு குமிழ் வை. ஒண்ணு பெரிசு. ஒண்ணு கடுகு."

ஓட்டினான். மொத்தம் சரியாக இருந்தது. பெரிய குமிழ் லேசாக ஊதியிருந்தது.

"கடுகு எங்கே?"

"மொத்தம் சரியா இருக்கே, மேட..."

பாதியில் நிறுத்திக்கொண்டான். கடுகின் காற்று பெரிய குமிழின் கணக்கில் ஏறியிருந்தது. கம்பெனியிலிருந்து போன் வந்தது.

"சார், ரிசல்ட் வந்தாச்சா?"

முகுந்தன் ரெஜினாவைப் பார்த்தான். அவர் திரையைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை.

"வடிகட்டி இருக்கட்டும் சார். எங்க கணக்குல தப்பு."

அந்தப் பக்கம் யாரோ கத்தினார்கள். வைத்துவிட்டான்.

அந்த வாரம் கட்டங்களைப் பொடியாக்கினான். நேராக்குவதைக் குறைத்தான். ஒவ்வொரு தடவையும் சுழலில் விட்டுத் திருப்பினான். கடைசியில் கடுகுக் குமிழ் ஏறக்குறைய முழுசாகத் திரும்பி வந்தது. ஆனாலும் அவனால் உட்கார முடியவில்லை. ரெஜினாவின் அறை வாசலில் போய் நின்றான்.

"கடுகு வந்துடுச்சு மேடம். ஆனா அதைவிடப் பொடியா ஒண்ணு இருந்தா? வளைவு வேற மாதிரி இருந்தா? இன்னும் எத்தனை தடவைதான் பார்க்கிறது? எப்போ நிம்மதியா விடலாம்?"

ரெஜினா அவன் தோளைப் பார்த்தார். இன்றைக்கும் கறை.

"பாப்பா தூங்குறப்போ மூக்குகிட்ட விரல் வெச்சுப் பார்ப்பியா?"

"பார்ப்பேன் மேடம். இன்னைக்கும் பார்த்தேன்."

"நேத்து?"

"பார்த்தேன். மூச்சு சீரா வந்துச்சு."

"அப்புறம் இன்னைக்கு எதுக்குப் பார்த்தே?"